அண்ணன் 2,857... தம்பி 4!

ஐஸ் ஹாக்கியில் ஒரு விநோதமான சாதனை இருக்கிறது. அமெரிக்க, கனடா நகரங்களின் அணிகள் மோதும் என்.எச்.எல். போட்டிகளில், அதிகப் புள்ளிகள் எடுத்த சகோதர ஜோடி யார் தெரியுமா? வெய்ன் கிரெட்ஸ்கி, பிரென்ட் கிரெட்ஸ்கி. கனடாக்காரர்கள். இருவரும் சேர்ந்து 2,861 புள்ளிகள்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். அண்ணன் எடுத்தது 2,857. தம்பி எடுத்தது 4.

'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண சாதனை' என்று அந்தத் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். யாரும் மறுக்க முடியாது!

சிரித்து முடித்துவிட்டு, நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். ரேங்க் கார்டு கொடுத்த அன்று சாயங்காலம் வெள்ளானூரில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். குக்கர் விசில் சத்தத்தோடு சேர்ந்து இதுவும் காதில் விழும். "உங்க அண்ணனும் இதே ஸ்கூல்லதானே படிச்சான்? அவன் வாங்குனதுல பாதியாவது வாங்கக் கூடாதா?"

நானும் வீட்டில் இரண்டாவதுதான். ஆறாம் வகுப்பில் முதல் நாள், அட்டெண்டன்ஸ் எடுத்த டீச்சர் என் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்து, "ஓ... நீ அவ தங்கச்சியா? அவ கணக்குல நூத்துக்கு நூறு வாங்குவா" என்றார். பென்சிலைக்கூட அன்று நான் பையிலிருந்து எடுக்கவில்லை. அதற்குள் எனக்கு மார்க் போட்டாகிவிட்டது.

ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே அப்பா அம்மா. அதனால் ஒப்பிடுவது சுலபம் என்று தோன்றுகிறது. ஒரே விளையாட்டை ஆடிய அண்ணன் தம்பிகளின் வாழ்க்கையை எடுத்து வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது புரியும்.

ஸ்கேல் யாருடையது?

முதலில் அந்த 4 புள்ளி தம்பியையே எடுத்துக்கொள்வோம்.

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பனித்தரையில், காலில் ஸ்கேட்டிங் ஷூ கட்டிக்கொண்டு ஆடும் ஹாக்கி. பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வட்டு. கோல் போட்டால் ஒரு புள்ளி. கோல் போட உதவியவருக்கும் ஒரு புள்ளி. இரண்டையும் கூட்டித்தான் ஒரு வீரரின் கணக்கு எழுதுவார்கள்.

வெய்ன் 1979 முதல் 1999 வரை என்.எச்.எல்.-இல் ஆடினார். 894 கோல், 1,963 உதவி. அவர் போட்ட கோல்களை மொத்தமாக அழித்துவிட்டு உதவிகளை மட்டும் எண்ணினாலும், அந்த லீக் வரலாற்றில் வேறு எந்த வீரரும் மொத்தமாக எடுத்த புள்ளிகளைவிட அது அதிகம். அவர் ஓய்வு பெற்றதும், அவருடைய 99-ஆம் எண் ஜெர்சியை இனி எந்த அணியிலும் யாரும் போடக் கூடாது என்று லீக்கே முடிவு செய்துவிட்டது.

பிரென்ட் அவரைவிட 11 வயது சின்னவர். 1992-இல் டாம்பா பே லைட்னிங் என்ற அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு சீஸன்களில் 13 ஆட்டங்கள். ஒரு கோல், மூன்று உதவி. பிறகு சின்ன லீக்குகளில் பல வருடங்கள் ஆடினார். அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் போலீஸ் அதிகாரி ஆனார்.

தோற்றுப்போன கதை மாதிரித் தெரிகிறதா? கனடாவில் பையன்கள் நடக்கப் பழகியதுமே ஸ்கேட்டிங் பழகுகிறார்கள். அத்தனை பேரில் என்.எச்.எல். ஆட்டத்தில் ஒருமுறையாவது இறங்குபவர்கள் மிகக் கொஞ்சம் பேர். பிரென்ட் 13 முறை இறங்கினார். வேறு வீட்டில் பிறந்திருந்தால், அந்தத் தெருவே அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெய்ன் என்ற ஸ்கேலை வைத்து அளந்தால் தோற்றுப்போவது தம்பி மட்டுமா? அந்த லீக்கில் ஆடிய அத்தனை பேருமேதான். ஆனால் மற்றவர்களை யாரும் அந்த ஸ்கேலால் அளப்பதில்லை. தம்பி என்பதால் அவரை மட்டும் அளக்கிறோம்.

எதை எண்ணுவது?

அதே கனடாவில், இவர்களுக்கு முந்தைய தலைமுறையில் இன்னொரு ஜோடி. மோரிஸ் ரிச்சர்ட், ஹென்றி ரிச்சர்ட். மோரிஸ் பிறந்தது 1921-இல். ஹென்றி பிறந்தது 1936-இல், அதுவும் பிப்ரவரி 29 அன்று. தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போது அண்ணனுக்கு மீசை அரும்பும் வயது.

மோரிஸின் பட்டப்பெயர் 'ராக்கெட்'. 1944-45 சீஸனில் 50 ஆட்டங்களில் 50 கோல் போட்டவர். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. இன்றும் என்.எச்.எல்.-இல் ஒவ்வொரு சீஸனிலும் அதிக கோல் போடுபவருக்கு அவர் பெயரில்தான் கோப்பை.

ஹென்றி 1955-இல் அண்ணன் ஆடிய அதே மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்கு வந்தார். குள்ளமான உருவம். ரசிகர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று ஊகியுங்கள். 'பாக்கெட் ராக்கெட்'! அதாவது அண்ணனின் சின்ன சைஸ். வந்த முதல் நாளே பெயரிலேயே ஒப்பீடு ஒட்டிக்கொண்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கோல்: அண்ணன் 544, தம்பி 358. அண்ணன் ஜெயித்தார். கோலும் உதவியும் சேர்த்த மொத்தப் புள்ளி: அண்ணன் 965, தம்பி 1,046. இப்போது தம்பி ஜெயித்தார். ஆனால் தம்பி ஆடிய ஆட்டங்கள் 1,256, அண்ணன் ஆடியது 978. ஆக, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மறுபடி அண்ணன் முன்னால் வருகிறார். ஜெயித்த ஸ்டான்லி கோப்பைகள்: அண்ணன் 8, தம்பி 11. அந்த 11 இன்றுவரை எந்த வீரரும் தாண்டாத சாதனை.

யார் பெரியவர்? நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கோலை எண்ணும் வீட்டில் மோரிஸ்தான் செல்லப்பிள்ளை. கோப்பையை எண்ணும் வீட்டில் ஹென்றி. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பத்தியைத்தான் எண்ணுகிறோம். அது பெரிய பிள்ளைக்கு எது நன்றாக வந்ததோ, அந்தப் பத்தியாக இருந்துவிடுகிறது.

அண்ணனைவிட ஒரு கோல் அதிகம்

பனியிலிருந்து புல்தரைக்கு வருவோம். நம் நாட்டு ஹாக்கிக்கு.

தியான் சந்த் பெயரைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத்தான் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறோம். நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா 2021 முதல் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. டெல்லியில் தேசிய ஸ்டேடியம் அவர் பெயரில் இருக்கிறது. 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம்.

ரூப் சிங் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தியான் சந்தின் கூடப்பிறந்த தம்பி. மூன்று வயது சின்னவர். 1932 லாஸ் ஏஞ்சலிஸ், 1936 பெர்லின் என்று இரண்டு ஒலிம்பிக்கில் அண்ணனோடு சேர்ந்து ஆடித் தங்கம் வென்றவர். அண்ணன் நடுவில் நின்று தாக்குவார். தம்பிக்கு இடது பக்கத்து 'இன்சைட் லெஃப்ட்' இடம்.

1932 ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தவை மொத்தமே மூன்று அணிகள். இந்தியா ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. அமெரிக்காவுக்கு எதிராகத் தியான் சந்த் 8 கோல். ரூப் சிங் 10 கோல். இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா போட்ட 35 கோல்களில் 25 இந்த இரண்டு பேருடையவை. அண்ணன் 12, தம்பி 13.

ஆமாம், அந்த ஒலிம்பிக்கில் தம்பிதான் அதிகம். தன்னைவிடத் தம்பியே நல்ல ஆட்டக்காரர் என்று தியான் சந்தே சொன்னதாக ஹாக்கி ரசிகர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவே இல்லை. 1940-இல் ரூப் சிங்குக்கு வயது 32கூட நிறையவில்லை. 'அண்ணனுக்கு மூணு தங்கம், தம்பிக்கு ரெண்டுதான்' என்று எண்ணும்போது இந்தப் போரை யாரும் எண்ணுவதில்லை.

ரூப் சிங் பெயரிலும் ஒரு ஸ்டேடியம் இருக்கிறது. குவாலியரில். உங்களுக்கு அது வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். 2010 பிப்ரவரி 24 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் 200 அடித்தாரே, ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம், அது நடந்தது கேப்டன் ரூப் சிங் ஸ்டேடியத்தில்தான். அன்றைக்கு டி.வி.யில் அந்தப் பெயரைப் பார்த்த நம்மில் எத்தனை பேர், 'யார் இந்த ரூப் சிங்?' என்று கேட்டிருப்போம்?

ரூப் சிங்கிடம் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. அண்ணன் பெயர் அவ்வளவு பெரிதாக இருந்ததால், பக்கத்தில் நின்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

பாடியில் ஒரு வீடு

இதெல்லாம் எங்கேயோ கனடா, குவாலியர் கதை என்று நினைப்பவர்களுக்கு, பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. வெள்ளானூரிலிருந்து ஆவடிக்கு வந்து, சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூரைத் தாண்டினால் பாடி. இந்தியாவே திரும்பிப் பார்த்த ஒரு வீடு அங்கே உருவானது. இங்கே அண்ணன் தம்பிக்குப் பதில் அக்கா தம்பி. ஹாக்கிக்குப் பதில் செஸ். வைஷாலி, பிரக்ஞானந்தா.

வைஷாலி பிறந்தது 2001 ஜூனில். சின்ன வயதில் எப்போதும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கவனத்தை மாற்றத்தான் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர். 2005 ஆகஸ்டில் பிறந்த தம்பி, அக்கா வீட்டில் போர்டை விரித்து ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே காய் நகர்த்தக் கற்றுக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் செஸ் என்றால் செலவு தாங்காது என்று முதலில் தயங்கிய வீடு அது. போட்டிக்குப் போக வர, தங்க, பயிற்சிக்கு என்று செஸ்ஸில் காசு எப்படிக் கரையும் என்பது பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப்போன பெற்றோருக்குத் தெரியும்.

இப்போது வெறும் தேதிகளை மட்டும் பார்ப்போம். தம்பி 2016-இல், 10 வயதில், இன்டர்நேஷனல் மாஸ்டர். 2018 ஜூனில், 12 வயது 10 மாதத்தில், கிராண்ட் மாஸ்டர். அப்போது உலகிலேயே இரண்டாவது இளையவர். 2023-இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் மேக்னஸ் கார்ல்சனிடம் தோற்றார். 2025 தொடக்கத்தில் நெதர்லாந்தின் டாட்டா ஸ்டீல் போட்டியில் சாம்பியன்.

அக்கா கிராண்ட் மாஸ்டருக்கான 2,500 ரேட்டிங் என்ற கடைசி நிபந்தனையைத் தாண்டியது 2023 டிசம்பரில். வயது 22. தம்பிக்கு ஐந்தரை வருடம் கழித்து.

'தம்பி முந்திட்டான்' என்று ஊர் சொன்னதா? சொல்லியிருக்கும். ஆனால் இதே தேதிகளை வேறு விதமாகவும் அடுக்கலாம்.

2013-இல் கார்ல்சன் சென்னைக்கு வந்தபோது, ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடும் காட்சி ஆட்டம் ஒன்று நடந்தது. அதில் அவரைத் தோற்கடித்த ஒரு பெண்ணுக்கு 12 வயது. பெயர் வைஷாலி. அதே வருடம் கார்ல்சன் உலக சாம்பியன் ஆனார். ஆன்லைன் ரேபிட் ஆட்டத்தில் பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்து உலகச் செய்தியானது 2022-இல். ஒன்பது வருடம் கழித்து.

இன்னொரு கணக்கு. வைஷாலி இந்தியாவின் 84-வது கிராண்ட் மாஸ்டர். அவருக்கு முன் இருந்த 83 பேரில் பெண்கள் எத்தனை? கொனேரு ஹம்பி, ஹரிகா துரோணவள்ளி. இரண்டே பேர். ஹரிகா 2011-இல் ஆனவர். அதற்குப் பிறகு 12 வருடம் ஒரு பெண்கூட அந்தக் கதவைத் திறக்கவில்லை. 83 பேரில் இரண்டு பேர் மட்டுமே போன வழியில் போனவரையும், 81 பேர் போன வழியில் போனவரையும் 'யார் முதலில் வந்தார்' என்று மட்டும் கேட்டு அளக்க முடியுமா?

முக்கியமான கணக்கு இனிமேல்தான். அக்கா வகுப்புக்குப் போகவில்லை என்றால், அந்த வீட்டில் செஸ் போர்டே விரிந்திருக்காது. தம்பி எட்டிப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. எந்தப் பயிற்சியாளரிடம் போக வேண்டும், எந்தப் போட்டிக்கு எப்போது பெயர் கொடுக்க வேண்டும், வெளியூரில் என்ன சாப்பாடு என்பதையெல்லாம் அந்த வீடு முதலில் அக்காவை வைத்துத்தான் கற்றுக்கொண்டது. தம்பியின் வேகத்தில் அக்கா போட்ட ரோடும் இருக்கிறது. எந்த ரேட்டிங் பட்டியலிலும் அதற்குப் புள்ளி கிடையாது. ஐஸ் ஹாக்கியில் இருந்திருந்தால் 'உதவி' என்று ஒரு புள்ளி எழுதியிருப்பார்கள்!

ஒரே நகரம், ஒரே மாதம்

2024 ஏப்ரலில் கனடாவின் டொரோன்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி. ஆண்கள் வரிசையில் தம்பி. பெண்கள் வரிசையில் அக்கா. ஒரே வீட்டிலிருந்து அக்காவும் தம்பியும் அதற்குத் தகுதி பெற்றது செஸ் வரலாற்றில் அதுவே முதல்முறை.

அங்கே வைஷாலி வரிசையாக நான்கு ஆட்டங்கள் தோற்றார். சுற்றுகள் இன்னும் மிச்சம், தினமும் போய் உட்கார்ந்தாக வேண்டும். தோற்றவர் மீதமிருந்த ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தார். 14-க்கு 7.5 புள்ளியுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். தம்பி 14-க்கு 7 புள்ளி, ஐந்தாம் இடம். அந்த மாதம் அக்காவின் கை சற்று மேலே. அதற்காகத் தம்பியை யாராவது, "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோடா" என்றார்களா என்ன?

அதே வருடம் செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றன. இரண்டு தங்கமும் ஒரே வீட்டுக்கு வந்தன. 2022-இல் மாமல்லபுரத்தில் இருவருக்கும் வெண்கலம்.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்த போட்டியில் வைஷாலிக்கு மறுபடி தொடர் தோல்விகள். அடுத்த மாதமே உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றார். முதல் முறை வென்றது 2023-இல். ஆகஸ்ட் மாத ரேங்க் கார்டை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால், செப்டம்பரில் கிழித்துப்போட வேண்டியிருந்திருக்கும்.

இந்த வீட்டில் நான் வியப்பது அம்மா நாகலட்சுமியைத்தான். போட்டிக்கு வெளிநாடு போகும்போது ரைஸ் குக்கரையும் கூடவே எடுத்துப்போய் ரசம் சாதம் செய்து கொடுத்தவர் என்று அவரைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அந்தக் குக்கரில் கிராண்ட் மாஸ்டர் ஆன பிள்ளைக்கு ஒரு சாதம், இன்னும் ஆகாத பிள்ளைக்கு ஒரு சாதம் என்று வெந்திருக்காது. ஐந்தரை வருடம் அந்த வீடு அப்படித்தான் இருந்திருக்கிறது. அந்த ஐந்தரை வருடமும் வைஷாலி போர்டை விட்டு எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வருவோம்

'ஒப்பிடவே கூடாது' என்று அறிவுரை சொல்லப்போவதில்லை. மனித மனசு ஒப்பிடும். ஒரே தட்டில் இரண்டு தோசை இருந்தால்கூட எது முறுகல் என்று பார்ப்போம். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் வாய் திறக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

நான் வைத்திருக்கும் ஸ்கேல் இந்தப் பிள்ளைக்கு எடுத்ததா, மூத்ததுக்கு எடுத்ததா? நான் எதை எண்ணுகிறேன், எதை எண்ணாமல் விடுகிறேன்? ஒருவரின் வெற்றியில் இன்னொருவர் போட்டுக் கொடுத்த ரோடு எவ்வளவு?

அடுத்த முறை ரேங்க் கார்டு வரும்போது, சின்னதிடம் அதனுடைய போன தடவை மார்க்கை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். "போன தடவை 42, இந்த தடவை 51. எப்படிடா பண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அது என்ன பதில் சொல்கிறது என்று கொஞ்சம் காது கொடுங்கள். பெரியதிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். "இவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது நீதானே?" என்று.

உங்கள் வீட்டிலும் 'அவன் தம்பி', 'அவ தங்கச்சி' என்ற பெயரிலேயே வளர்ந்த ஒருவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். அந்தக் கதையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மறக்காமல் உங்கள் சொந்தப் பெயரையே முதலில் எழுதுங்கள்!